கீழன்னா எங்க டீச்சர்

எங்க பள்ளிக்கூடத்து டிவியில மூணு கதாநாயகிங்க இருந்தாங்க. மூணும் பொம்மைப் படம்தான். புள்ளைங்க கார்ட்டூன்னு சொல்லும், எம்பொண்ணு அனிமேஷன்னு திருத்துவா. வெளிநாட்டுல எடுத்து தமிழ்ல பேச வெச்ச படங்க. மலைப் புள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டும்மான்னு அவதான் ஒரு பென் டிரைவ்ல ஏத்திக் குடுத்தா.

மொத படத்துல ஒரு ராஜகுமாரி. கையில கத்தியோட, பட்டத்தைப் புடிச்சுக்கிட்டுப் பறந்துபோய் இரும்புக் கோட்டையை இடிச்சுத் தரைமட்டமாக்கிட்டு வருவா. எனக்குப் புடிச்சவ அவதான். ரெண்டாவது படத்துக்காரி பால்ல குளிச்ச மாதிரி வெள்ளை. பாடுவா, ஆடுவா, கடைசியில கல்யாணம் பண்ணிக்குவா. மூணாவது படத்துல இருக்கறது ஒரு குட்டி. கறுப்பா, சப்பை மூக்கு, முன்பல்லு ரெண்டு ஓட்டை, தலை கோழி கெளறின குப்பை மேடு. இடுப்புல ஆட்டு மணி ஒண்ணைக் கட்டிக்கிட்டுத் திரியும். அவ அப்பா ஒரு நாள் காணாமப் போயிடுவாரு. ஊர்க்காரங்க அவகிட்ட, உங்கப்பா கீழ போய்ட்டாரு, கீழ போனவங்க வர்றதில்லன்னு சொல்லிடுவாங்க. இவ ஒரு பாழுங்கெணத்துப் படிக்கட்டுல எறங்கி, பூமிக்கு அடியில இருக்கற நிழல் ஊருக்குப் போவா. வாசல்ல நிக்கற காவக்காரன் கூலி கேப்பான். ஆடற பல்லைப் புடுங்கி அவன் கையில வெச்சுட்டு உள்ள போய், அப்பாவோட சுண்டு விரலைப் புடிச்சு இட்டுக்கிட்டு மேல வந்துடுவா. அவ்ளோதான் கதை. சண்டை கெடையாது, சொல்லிக்கற மாதிரி ஒரு பாட்டு கூடக் கெடையாது.

எங்க புள்ளைங்களுக்கு அவதான் சாமி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவியைப் போட்டா "ஓட்டப்பல்லு படம், ஓட்டப்பல்லு படம்"னு ஒரே கூச்சல். கோட்டையை இடிக்கறவளைப் போட்டா அஞ்சு நிமிஷம் பாத்துட்டு ஒண்ணை ஒண்ணு கிள்ள ஆரம்பிச்சிடுங்க. வெள்ளைக்காரி வந்தா மூஞ்சியத் திருப்பிக்கும். எனக்கு வேற எதுக்கும் இல்லாத கோவம் இதுக்கு வரும். ஏண்டி, நான் என்ன உங்களை ராஜகுமாரியா ஆகக் கூடாதுன்னா சொல்றேன், கத்தி எடுத்துச் சண்டை போடறவ உங்களுக்குப் புடிக்கலையா, பல்லு போனவதான் புடிக்குமான்னு கத்துவேன். அதுங்க ஓட்டைப் பல்லைக் காட்டிச் சிரிக்கும்.

இந்த வெவகாரத்தை நான் ரொம்ப யோசிச்சேன். திருப்பத்தூர்ல ஒரு பயிற்சி வகுப்புல, கொழந்தைங்க தங்களை மாதிரியே இருக்கற பாத்திரத்தைத்தான் விரும்புவாங்கன்னு ஒருத்தர் சொன்னாரு. அப்படியே மண்டையில ஏத்திக்கிட்டேன். சரிதானே, நம்ம புள்ளைங்களும் கறுப்பு, அவளும் கறுப்பு, இதுங்களுக்கும் பல்லு விழற வயசு. எம்பொண்ணு அஞ்சு வயசுல அந்த வெள்ளைக்காரி படம் போட்ட பைதான் வேணும்னு ஆலங்காயம் கடைத்தெருவுல உருண்டு பொரண்டா. அவளும் கறுப்புதான். அப்போ இவர் சொன்னது எப்படிச் சரியாவும்னு நான் யோசிக்கவே இல்ல. தெனமும் பவுடரைக் கொட்டி, கடலை மாவைத் தேய்ச்சு, வெயில்ல போகாத இன்னும் கறுத்துடுவேன்னு சொல்லிச் சொல்லி அவளை அந்த வெள்ளைக்காரி கால்ல கொண்டுபோய் விழ வெச்சவளே நான்தான். அது எனக்கு ரொம்ப பின்னால உறைச்சுச்சு.

என்னைப் பத்திச் சொல்லிடறேன். ஆலங்காயத்துல வூடு. காலையில மலையேற ஏழே கால் பஸ்ஸு. காவலூர்ல நட்சத்திரம் பாக்கற கட்டடத்து ஆளுங்க எறங்கினதும் பாதி காலியாயிடும், அதுக்கு மேல நானும் டிரைவரும் கண்டக்டரும் நாலு மூட்டையும்தான். பள்ளிக்கூடம் ஊர் மொனையில, பஸ் நிக்கற எடத்துலயே. எச்.எம். ஒருத்தர், நான் ஒருத்தி, இருபத்தாறு புள்ளைங்க. அந்த ஊர்ல யாருக்கும் 'ங்க' போட்டுப் பேசத் தெரியாது. புள்ளைங்களும் என்னை 'நீ'ன்னுதான் சொல்லும். மொத வருஷம் அடிக்கப் போனேன். அப்புறம் அவங்க சாமியையே 'நீ'ன்னுதான் கூப்புடறாங்கன்னு தெரிஞ்சதும் விட்டுட்டேன்.

அந்த ஊர்ல என் ஊருக்குப் பேரு கெடையாது. எங்க ஊருக்குன்னு இல்ல, மலைக்கு அடியில இருக்கற எந்த ஊருக்கும் கெடையாது. ஆலங்காயம், செங்கம், வேலூரு, மெட்ராஸ் எல்லாமே 'கீழ'. கீழ போயிருக்கான், கீழ வேலை செய்றா, கீழேர்ந்து டீச்சர் வந்துட்டா. அவ்ளோதான்.

இப்போ நான் சொல்லப்போற புள்ளை ஒண்ணாங்கிளாஸ். ஆறு வயசு. வலிப்பு உண்டு அதுக்கு. காலையில ஒரு மாத்திரை, மத்தியானம் ஒரு மாத்திரை, ராத்திரி ஒண்ணு. மத்தியான மாத்திரையைக் குடுக்கற வேலை என்னுது. மாத்திரைன்னா அதுக்கு வேப்பங்காய். துப்பும், நாக்குக்கு அடியில ஒளிச்சு வெச்சுக்கும், முழுங்கிட்டேன்னு என்னையே டபாய்க்கும். அவ அப்பா தோள்ல தூக்கிக்கிட்டு வந்து விட்டுட்டுப் போவாரு. மிளகு சீசனுக்குக் குடகு பக்கம் எஸ்டேட்டுக்குப் போறவர். அந்த வருஷமும் போனாரு. ஏணி சறுக்கி விழுந்துட்டாரு. வண்டியில பொணமா கொண்டாந்தாங்க.

புள்ளையை அத்தை வூட்டுக்கு, பக்கத்து ஊருக்கு அனுப்பிட்டாங்க. அங்கயே நாலு நாள் வெச்சுக்கிட்டாங்க. அவ அம்மாவுக்கு அப்போ நாலு மாசம். சாவு வூட்டைப் பாத்தா, அப்பன் செத்தான்னு சொன்னா, புள்ளைக்கு வலிப்பு வந்து அதையும் பறிகுடுக்கணும்னு பயம். அதுக்கு முன்னாடி ஒரு தடவை, வளத்த நாயி செத்தப்போ, அழுது அழுது வெட்டு வந்து, வலிப்பை அங்க அப்படித்தான் சொல்லுவாங்க, கண்ணு சொருகிப்போச்சாம். அதனால ஊரே சேர்ந்து ஒரு முடிவு பண்ணாங்க. புள்ளை கேட்டா, அப்பா கீழ போயிருக்காருன்னு சொல்லிடறது. கொஞ்சம் பெருசாவட்டும், பொறக்கப்போறது பொறக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு. அம்மாக்காரி தாலியைக் கழட்டலை. பொட்டு வெச்சுக்கிட்டா. ஊர்ல ஒரு சின்னக் கொழந்தை கூட வாயைத் தொறக்கலை. அந்தக் கட்டுப்பாட்டை நெனைச்சா எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்தான். எச்.எம். எங்கிட்டயும் சொல்லி வெச்சாரு. நானும் தலையாட்டினேன்.

புள்ளை திரும்பி வந்த மறுநாள் காலையில பஸ்ஸை விட்டு எறங்கறேன், எதுத்தாப்புல நிக்குது. "டீச்சர், கீழ எங்கப்பாவைப் பாத்தியா?"

இல்லம்மான்னேன். அடுத்த நாளும் நிக்குது. அதே கேள்வி. இல்ல. அதுக்கு அடுத்த நாளும். பத்து நாள் பாத்தேன். புள்ளை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வெச்சிடுது. மாத்திரையைத் துப்புது. சத்துணவு செய்ற அக்கா மடியில போட்டு ஊட்டினாலும் வாயை இறுக்கிக்குது. பதினோராவது நாள் எனக்கு ஒத்தைத் தலைவலி, பஸ்ஸுல உக்கார எடமில்ல, வூட்ல எம்பொண்ணோட சண்டை வேற. எறங்கினதும் அது கேட்டுச்சு. வாயிலேர்ந்து தானா வந்துடுச்சு, "பாத்தேண்டி. நல்லா இருக்காரு. உன்னை ஒழுங்கா சாப்புடச் சொன்னாரு."

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கெடைக்காதுன்னு சொல்லுவாங்க. என் பொய்க்கு அன்னிக்கு அந்தப் புள்ளை ரெண்டு தடவை சோறு வாங்கித் தின்னுச்சு. முட்டையை முழுசா முழுங்குச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நல்ல காரியம் பண்ணிட்டோம்னே நெனைச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனைச்சேன்.

அப்புறம் அது தெனப்படி ஆயிடுச்சு. என்ன சட்டை போட்டிருந்தாருன்னு கேக்கும். நீலச் சட்டைன்னு சொல்லுவேன். என்ன நாஷ்டா துன்னாருன்னு கேக்கும். இட்லின்னு சொல்லுவேன். ஞாயித்துக்கிழமைன்னா கறிச்சோறு. பஸ்ஸுல வரும்போதே இன்னிக்கு இன்னா சொல்லலாம்னு யோசிச்சுக்கிட்டு வருவேன். கதை கட்றதுல எனக்கு ஒரு ருசி வந்துடுச்சு, அதை மறைச்சு என்ன ஆகப்போவுது. அதோட நிறுத்தியிருந்தாலும் பரவால்ல. மாத்திரை துப்பினா, உங்கப்பாகிட்ட சொல்லிடுவேன்னு மெரட்டினேன். எழுத்து ஒழுங்கா எழுதலைன்னா, உங்கப்பா நோட்டை எடுத்துக்கிட்டு வரச் சொன்னாருன்னு சொன்னேன். பிரம்பு செய்யாத வேலையைச் செத்த மனுஷன் செஞ்சாரு. ரெண்டு மாசத்துல அந்தப் புள்ளை என் வகுப்புலயே நல்ல புள்ளை ஆயிடுச்சு. எச்.எம். கூட, உங்க கைராசி மேடம்னாரு.

அந்த சமயத்துலதான் பென் டிரைவ் வந்துச்சு. ஓட்டப்பல்லு படத்தை மொத தடவை போட்ட அன்னிக்கு, அவ கெணத்துல எறங்கற எடத்துல, நிறுத்து டீச்சர்னு ஒரு கொரல். இந்தப் புள்ளைதான். எந்திரிச்சு நிக்குது.

"கீழன்னா எங்க டீச்சர்?"

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள ரெண்டாங்கிளாஸ் வாயாடி ஒருத்தி, "ஆலங்காயம்தாண்டி, டீச்சர் ஊரு"ன்னா. வகுப்பே குலுங்கிச் சிரிச்சுது. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. ஆமா ஆமா, ஆலங்காயம்தான், அந்தக் காவக்காரன் எங்க வூட்டுப் பக்கத்துலதான் இருக்கான்னு நானும் சேர்ந்து கேலி பண்ணினேன். நுணலும் தன் வாயால் கெடும். நாங்க எல்லாரும் சிரிச்சோம், அது மட்டும் சிரிக்கலை. உக்காந்து படம் முடியற வரைக்கும் பாத்துச்சு.

அதுக்கு அப்புறம் அந்தப் புள்ளை ஓட்டப்பல்லுக்காரியாவே மாறிடுச்சு. எங்கயோ ஒரு ஆட்டு மணியைப் புடிச்சு அரைஞாண்ல கட்டிக்கிச்சு. சிலேட்டுல அவ மூஞ்சிதான். அதுக்கு ஒரு பல்லு ஆடிக்கிட்டிருந்துச்சு, அது விழுந்ததும் எல்லாப் புள்ளைங்களும் பண்ற மாதிரி சாணியில வெச்சுக் கூரை மேல எறியலை. காயிதத்துல மடிச்சு வெச்சுக்கிச்சு. எனக்கு அது வேடிக்கையா இருந்துச்சு. அந்தப் பயிற்சிக்காரர் சொன்னது எவ்ளோ சரின்னு நெனைச்சுக்கிட்டேன். தன்னை மாதிரி இருக்கறவளைப் புடிச்சிருக்கு. கறுப்பா இருக்கறதுல ஒரு பெருமை வந்துடுச்சு இந்தப் புள்ளைக்கு, நம்ம படம் போட்டது வீண் போகலை. என் அறிவை எங்க போய் சொல்லிக்கறது.

ஒரு செவ்வாக்கிழமை. மத்தியான சாப்பாடு முடிஞ்சு மாத்திரையை எடுத்துக்கிட்டு வர்றேன், புள்ளை இல்ல. கக்கூசுல இல்ல, புளியமரத்தடியில இல்ல, வூட்டுலயும் இல்ல. அவ அம்மா ஏழு மாச வயித்தைத் தூக்கிக்கிட்டு மூச்சு எறைக்க ஓடி வந்தா. ஒரு வேளை மாத்திரை தவறினாலே அதுக்கு ஆவாது. ஆளில்லாத எடத்துல வெட்டு வந்தா மூச்சுக்குக் கூடப் பொரட்டிப் போட ஆள் இருக்காது.

எனக்கு உடனே அந்தப் படம்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. பாழுங்கெணறு, படிக்கட்டு, மணி கட்டின குட்டி. கெணத்துல பாருங்க, கெணத்துல பாருங்கன்னு நான்தான் அலறினேன். இன்னாத்துக்குன்னு கேட்டவங்களுக்கு, படத்துல அந்தப் பொண்ணு அப்பாவைத் தேடிக் கெணத்துக்குள்ள போவான்னு சொன்னேன். அவ்ளோதான், ஊரு ஆம்பளைங்க எல்லாம் கயித்தை எடுத்துக்கிட்டு ஓடினாங்க. ஊரைச் சுத்தி நாலு கெணறு. ஒண்ணு பாழு, மூணு தண்ணி. பாதாளக்கொலுசு போட்டுத் துழாவினாங்க. ஒவ்வொரு தடவை அந்தக் கொக்கி எதுலயாவது மாட்டி இழுக்கும்போதும் எங்க எல்லாருக்கும் உசுரு போய் வந்துச்சு. ஒரு தடவை துணி வந்துச்சு. பழைய கோணி. அம்மாக்காரி கெணத்து மேட்டுல உக்காந்துட்டா.

மூணு மணி நேரம் அப்படியே போச்சு. நாலாவது கெணத்தையும் பாத்துட்டு மேல வந்தப்போ அவ எங்கிட்ட கேட்டா, அந்தப் படத்துல ஊர்க்காரங்க அந்தப் பொண்ணுகிட்ட இன்னா சொன்னாங்கன்னு. கீழ போய்ட்டாருன்னு சொன்னாங்கன்னேன்.

அவ என்னை ஒரு பார்வை பாத்தா. "எம்புள்ளைக்குக் கீழன்னா கெணறு இல்ல டீச்சர். நீ வர்ற ஊரு."

அதே நேரத்துக்கு நாலரை பஸ்ஸு மேல வந்துச்சு. கண்டக்டரைக் கேட்டா, ஆமாம்மா, ஒண்ணே கால் ட்ரிப்புல ஒரு சின்னப் புள்ளை மணி கட்டிக்கிட்டு ஏறுச்சு, புளி மூட்டையோட அஞ்சாறு பொம்பளைங்க ஏறினாங்க, அவங்க புள்ளைன்னு நெனைச்சேங்கறாரு. கெணத்துல துழாவிக்கிட்டிருந்த அவ்ளோ நேரமும் புள்ளை எங்க ஊர்ல இருந்திருக்கு. நான் பொறந்து வளர்ந்த ஊர்ல, தன்னந்தனியா, மாத்திரை இல்லாம. அந்த மூணு மணி நேரத்தை அதுகிட்டேர்ந்து புடுங்கினவ நான். மலையில பதினோரு வருஷமா வாத்தியார் வேலை பாக்கறவளுக்கு, அந்த ஊர்ல கீழன்னா இன்னான்னு அந்த நேரம் பாத்து மறந்துபோச்சு. கீழேர்ந்து வந்தவளுக்குக் கீழன்னா கெணறுதான் தோணுச்சு.

புள்ளையோட சித்தப்பா வண்டியில நான் பின்னாடி ஏறினேன். அந்தக் கொண்டை ஊசி வளைவுங்கள்ல அவர் எப்படி ஓட்டினாரோ, நான் எப்படி உக்காந்திருந்தேனோ தெரியலை. பஸ் ஸ்டாண்டுல பூக்காரம்மாதான் சொன்னாங்க. ஒரு புள்ளை வந்து, செத்தவங்க எல்லாம் எங்க இருப்பாங்கன்னு கேட்டுச்சும்மா, வெளையாட்டுக்குக் கேக்குதுன்னு நெனைச்சு ஆஸ்பத்திரிப் பக்கம் கையக் காட்டினேன்னு.

ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு வாட்ச்மேன். எங்களைப் பாத்ததும் எந்திரிச்சுட்டாரு. அவர் கையில ஒரு மடிச்ச காயிதம். புள்ளை வந்து அதை அவர்கிட்ட நீட்டி, இந்தா பல்லு, கதவைத் தொறன்னு சொல்லுச்சாம். இவர் சிரிச்சுட்டு, போம்மா அந்தாண்டன்னு தொரத்தியிருக்காரு. அது போகலை. வெயில்ல அங்கயே நின்னிருக்கு. இவர் டீ குடிக்கப் போய் வந்தாலும் நிக்குது. அப்புறம் வெட்டு வந்து படியிலயே விழுந்துடுச்சு. தலையில ரெண்டு தையல். நான் பாவிங்க, பாவிங்கன்னு அந்த மனுஷன் தன் தலையிலயே அடிச்சுக்கிட்டாரு. அவரைச் சொல்லி என்ன பண்றது.

கட்டில்ல கெடந்துச்சு. கையில டிரிப்ஸு. மொகம் வாடி, உதடு வெடிச்சு, ஆனா கண்ணு முழிச்சிருந்துச்சு. சித்தப்பா மருந்துச் சீட்டை எடுத்துக்கிட்டு வெளிய போனாரு. நான் கட்டில் ஓரமா உக்காந்தேன். திட்டலாமா கட்டிக்கலாமான்னு தெரியலை. ஏண்டி இப்படிப் பண்ணினேன்னு மட்டும் கேட்டேன்.

"எங்கப்பா செத்துட்டாரு இல்ல. அதான் இட்டுக்கினு போலாம்னு வந்தேன்."

யாருடி சொன்னாங்கன்னேன். யாரும் சொல்லலையாம். அத்தை வூட்ல இருந்தப்போ மலையைத் தாண்டி மேளச் சத்தம் கேட்டுச்சாம். சாவு மேளம்னு அதுக்குத் தெரியும். நம்ம ஊர்ல யாரு செத்தாங்கன்னு அத்தையைக் கேட்டதுக்கு, அத்தை ஓன்னு அழுதுட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லிச்சாம். அப்பவே தெரிஞ்சிடுச்சாம். அப்புறம் அந்தப் புள்ளை என் காதுகிட்ட வந்து, கொரலைத் தாழ்த்தி சொல்லுச்சு, அம்மாகிட்ட சொல்லிடாத, அம்மாவுக்குத் தெரியாது, வயித்துல பாப்பா இருக்குன்னு.

ஊரே சேர்ந்து அதுகிட்ட மறைச்சுது. அது தனியா நின்னு ஊர்கிட்ட மறைச்சுக்கிட்டிருந்துச்சு.

அது மெதுவா சொன்னதை எல்லாம் நான் கோத்துப் பாத்தேன். மலையில யாருக்கு முடியலைன்னாலும் ஆம்புலன்ஸ் வந்து கீழ கொண்டுபோவும். பக்கத்து வூட்டு அக்கா பிரசவத்துக்குப் போனா, வரலை. காட்டுல பாம்பு கடிச்ச தாத்தா போனாரு, வரலை. துணியில சுத்தி ஏதோ ஒண்ணு வரும், அதைப் பொதைப்பாங்க, ஆளு வரமாட்டாங்க. அப்போ செத்தவங்க எல்லாரும் கீழதானே இருக்கணும். படத்துலயும் அதைத்தான் சொன்னாங்க. டீச்சரும் ஆமா ஆலங்காயம்தான்னு சொன்னா. வாளை வெச்சுக்கிட்டுச் சண்டை போடறவளை வெச்சு அது என்ன பண்ணும். கல்யாணம் பண்ணிக்கறவளை வெச்சு என்ன பண்ணும். இருக்கறதுலயே செத்தவங்களை மேல கூட்டியார்றவ ஒருத்திதான். அவளைப் புடிச்சது கறுப்புக்காகவும் இல்ல, சப்பை மூக்குக்காகவும் இல்ல. அவ செய்ற வேலை அதுக்கு வேண்டியிருந்துச்சு.

அப்போதான் அது என் முந்தானையைப் புடிச்சு இழுத்துச்சு. "நீதான் தெனமும் பாக்கறியே டீச்சர். எந்த வூட்ல இருக்காரு, காட்டு."

இன்னொரு பொய் இருந்துச்சு கையில. இன்னிக்கு ஊருக்குப் போயிருக்காரு, நாளைக்கு வருவாருன்னு சொல்லியிருக்கலாம். வலிப்பு வந்து இப்பதான் அடங்கியிருக்கு, சொல்லக் கூடாதுன்னு டாக்டரே சொல்லியிருப்பாரு. ஆனா நாளைக்கு மறுபடியும் அது பஸ் ஏறும். இன்னொரு பல்லு ஆடிக்கிட்டுதான் இருந்துச்சு. நர்ஸம்மாவைக் கூப்புட்டுப் பக்கத்துல நிக்க வெச்சுக்கிட்டேன். அதோட கையைப் புடிச்சுக்கிட்டேன்.

உங்கப்பா இங்க இல்லம்மா. மேல, உங்க ஊர்லதான், காட்டுக்குப் போற வழியில பொதைச்சிருக்காங்க. நான் அவரைப் பாக்கவே இல்ல, ஒரு நாளும் பாக்கலைன்னு சொன்னேன்.

அது அழுவும்னு காத்துக்கிட்டிருந்தேன். வெட்டு வருமோன்னு நர்ஸம்மா ஊசியோட நின்னாங்க. அது அழலை. என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்துச்சு.

"நீலச் சட்டை?"

"பொய்ம்மா."

"கறிச்சோறு?"

"அதுவும் பொய்."

"மாத்திரை போட்டுக்கச் சொன்னது?"

"நான்தான் சொன்னேன்."

கையை உருவிக்கிச்சு. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு. சித்தப்பா வந்து கூப்புட்டப்போ அவர்கிட்ட தண்ணி கேட்டுச்சு. என் கையிலயும் தண்ணி பாட்டில் இருந்துச்சு.

மறுநாள் அம்மாவும் பொண்ணும் உக்காந்து ஒண்ணா அழுததா சொன்னாங்க. தாலியைக் கழட்டினாங்களாம். அப்பாவைப் பொதைச்ச எடத்துக்குப் புள்ளையை இட்டுக்கிட்டுப் போய்க் காட்டினாங்களாம். ஊர்ல யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லலை. திட்டினா தேவலைன்னு இருந்துச்சு. மாசம் ரெண்டு கழிச்சு தம்பி பொறந்தான். நல்லபடியா, மலையிலயே.

அந்தப் படத்தை நான் அழிச்சிடலை. அழிச்சிடலாம்னுதான் பாத்தேன், புள்ளைங்க விடலை. ஒரு நாள் சும்மா, மெதுவா, ஒவ்வொண்ணையும் தனியா கூப்புட்டு, உனக்கு ஏன் ஓட்டப்பல்லுக்காரியைப் புடிக்குதுன்னு கேட்டேன். இத்தனை நாள் நானே யோசிச்சு யோசிச்சு முடிவு பண்ணினதைத் தவிர, அதுங்களைக் கேட்டதே இல்ல. ஒருத்தியோட அம்மா திருப்பூர்ல பனியன் கம்பெனியில, தீபாவளிக்குத்தான் வருவா. ஒருத்தியோட அண்ணன் செம்மரக் கட்டை வெட்டப் போய் ஆந்திராவுல ஜெயில்ல இருக்கான். ஒருத்தியோட தங்கச்சி பாப்பா ஆம்புலன்ஸுல போனதோட சரி. இருபத்தாறு புள்ளைங்கள்ல கீழ ஒருத்தரும் இல்லாத புள்ளைன்னு ஒண்ணு கூட இல்ல. அந்த வாயாடி மட்டும் ஒண்ணும் சொல்லலை. அவ அப்பா எங்கன்னு அவளுக்கே தெரியாதுன்னு எச்.எம். அப்புறம் சொன்னாரு.

அந்தப் புள்ளை இப்போ மூணாங்கிளாஸ். தையல் போட்ட எடத்துல முடி மொளைச்சிடுச்சு. வெட்டு வந்து வருஷம் ஒண்ணாவுது. மாத்திரையை அடம் புடிக்காம வாங்கிப் போட்டுக்குது, ஆனா சத்துணவு அக்கா கையாலதான். நல்லா படிக்குது. நான் கேட்டா பதில் சொல்லும், மரியாதையாத்தான் சொல்லும். இப்பல்லாம் எனக்கு மட்டும் 'ங்க' போடுது. பஸ்ஸை விட்டு எறங்கும்போது மத்ததுங்க எல்லாம் ஓடி வந்து கீழ இன்னா நடந்துச்சு, கீழ மழையான்னு பிச்சுப் புடுங்கும். அது வகுப்புக்குள்ள உக்காந்திருக்கும்.

போன வாரம் கழித்தல் கணக்கு போட்டுக்கிட்டிருந்துச்சு. கடன் வாங்கறதுல தடுமாறிடுச்சு. அழிச்சு அழிச்சுப் பாத்துச்சு, நோட்டு கிழிஞ்சுபோச்சு. எதுத்தாப்புலயே நான் உக்காந்திருக்கேன். நோட்டை எடுத்துக்கிட்டு எந்திரிச்சு, என் மேசையைச் சுத்திக்கிட்டு, எச்.எம். ரூமுக்குப் போயி, சார் இது எப்படின்னு கேட்டுச்சு. அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்லேர்ந்து இன்னி வரைக்கும் அது எங்கிட்ட ஒரு கேள்வி கேக்கலை.